மேமி கிளார்க்: பொம்மைச் சோதனைக்குப் பிந்தைய 33 ஆண்டுகள்

உளவியல் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்கக் கறுப்பின மக்கள் பட்ட காயத்தை அறிந்து, அவர்களுக்கான மனநலப் பராமரிப்பை மேம்படுத்திய உளவியலாளர் ஒருவரின் பணி வாழ்க்கையை விளக்க முடியுமா? மேமி கிளார்க்கைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். ஆனால் எங்கள் பாடநூல் பொம்மைச் சோதனையோடு அவரை விட்டுவிடுகிறது."

பாடநூல் அவரை விட்டுவிடும் இடத்தில்தான் அவருடைய உண்மையான வேலை தொடங்குகிறது. பொம்மைச் சோதனை, வெவ்வேறு நிறப் பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டிக் கேள்விகள் கேட்டு, அவர் இருபதுகளில் இருந்தபோது கணவரோடு சேர்ந்து செய்த ஆய்வு. அதன் பிறகு, 1946 முதல் 1979 வரை, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மிகுந்த ஹார்லெம் பகுதியில் குழந்தைகளுக்கான மையம் ஒன்றை நிறுவி நடத்தினார். முதலாவது நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றதால் புகழ் பெற்றது. இரண்டாவது அன்றாட வேலை என்பதால் பலர் கண்ணில் படவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'ட்ராமா' என்பதைப் பலர் 'மன அதிர்ச்சி' என்று எழுதுகிறார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து மனநலப் பணியில் புழங்கிய 'மனவடு' என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதிர்ச்சி ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது. வடு நின்றுவிடுகிறது.

மனவடுவை அறிந்த பராமரிப்பு என்றால் என்ன? அமெரிக்க அரசின் போதைப்பழக்கம் மற்றும் மனநலச் சேவைகளுக்கான நிர்வாகம் 2014இல் அதற்கு ஒரு வரையறை தந்தது. மனவடு எவ்வளவு பரவலானது என்பதை உணர வேண்டும். அதன் அறிகுறிகளை அடையாளம் காண வேண்டும். அந்த அறிவை நிறுவனத்தின் நடைமுறைகளில் கொண்டுவர வேண்டும். சிகிச்சை என்ற பெயரில் பழைய புண்ணைக் கிளறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள்: "உனக்கு என்ன கோளாறு என்று கேட்காதே, உனக்கு என்ன நேர்ந்தது என்று கேள்." நல்ல மாற்றம்தான். ஆனால் ஹார்லெமில் வளர்ந்த ஒரு குழந்தைக்கு அந்தக் கேள்வியும் போதாது. 'நேர்ந்தது' என்பது இறந்தகாலம். அந்தக் குழந்தைக்கோ நாளைக் காலை பள்ளிக்குப் போனால் மறுபடியும் அதே நேரும். "இன்னும் என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது, அதை யார் செய்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டாக வேண்டும். மேமி கிளார்க் அதைக் கேட்டார், அதுவும் மனவடுவுக்குப் பின்னான மன அழுத்தக் கோளாறு 1980இல் நோய்ப் பட்டியலில் ஏறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னால்.

அவர் 1917இல் அர்கன்சாஸ் மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஹெரால்ட் ஃபிப்ஸ் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த மருத்துவர். வசதியான குடும்பம். மகிழ்ச்சியான குழந்தைப் பருவம் என்றே மேமி பின்னாளில் சொன்னார். அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னார்: எப்போதும் ஒரு கவசத்தை அணிந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது, எதைச் செய்யக் கூடாது என்பதைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் சிறுமியாக இருந்தபோது அந்த ஊரில் ஒரு கறுப்பின மனிதரை வெள்ளையர் கும்பல் கொன்று தூக்கிலிட்டது. அந்தச் செய்தி வழியாகவே நிறம் என்றால் என்னவென்று தனக்குப் புரிந்ததாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கே அந்தக் கவசம் தேவைப்பட்டது.

1934இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். கணிதப் பேராசிரியர்கள், முக்கியமாகப் பெண் மாணவிகளிடம், ஒட்டுதல் இல்லாமல் நடந்துகொண்டார்கள். அங்கே உளவியல் படித்துக்கொண்டிருந்த கென்னத் கிளார்க், குழந்தைகளோடு வேலை செய்யும் ஆசை இருந்தால் உளவியலுக்கு வா என்றார். இருவரும் 1937இல் மணந்துகொண்டார்கள். 1938இல் பட்டம் பெற்ற கோடையில் மேமிக்கு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அது சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டனின் அலுவலகம். பள்ளிப் பாகுபாட்டை நீதிமன்றத்தில் உடைக்கத் திட்டம் தீட்டிய வழக்கறிஞர்கள் வந்துபோகும் இடம். இருபத்தோரு வயதில், பாகுபாட்டை எதிர்த்து வாதாட ஆதாரங்களை எப்படித் திரட்டுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தார். பின்னால் ஹார்லெமில் அவர் நடந்துகொண்ட விதத்தில் பாதி அந்தக் கோடையிலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

முதுகலை ஆய்வுக்கு வாஷிங்டனின் மழலைப் பள்ளிகளில் இருந்த கறுப்பினக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார். தான் கறுப்பு என்று ஒரு குழந்தை எந்த வயதில் அறிகிறது? மூன்று வயதிலேயே அந்த அறிதல் தொடங்கிவிடுகிறது என்பது கிடைத்த விடை. பொம்மைச் சோதனை அந்த ஆய்வின் தொடர்ச்சி. அது மேமியின் திட்டம், தான் இடையில் வந்து சேர்ந்துகொண்டவன் என்று கென்னத்தே பலமுறை சொல்லியிருக்கிறார்.

சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்கு பொம்மைகள், இரண்டு பழுப்பு, இரண்டு வெள்ளை. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகள். சிலர் அர்கன்சாஸில் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று பிரித்துவைக்கப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள், சிலர் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் கலப்புப் பள்ளிகளில் படித்தவர்கள். விளையாட எந்தப் பொம்மை வேண்டும் என்றதற்கு 67 சதவீதம் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். எது கெட்டது என்றதற்கு 59 சதவீதம் பழுப்புப் பொம்மையைக் காட்டினார்கள். கடைசிக் கேள்வி: "உன்னைப் போல இருக்கும் பொம்மையை எனக்குக் கொடு."

அந்தக் கடைசிக் கேள்வியில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு முன் 'கெட்டது' என்று காட்டிய பொம்மையையே இப்போது 'நான்' என்று எடுத்துக் கொடுக்க வேண்டும். சில குழந்தைகள் அழுதார்கள், அறையை விட்டு ஓடினார்கள். இன்றைய விதிகளின்படி பார்த்தால் அந்தச் சோதனையே குழந்தையின் வடுவைக் கீறிவிடுகிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. கிளார்க் தம்பதியும் மறைக்கவில்லை. முடிவுகள் தங்களை மிகவும் உலுக்கிவிட்டதால் அவற்றைச் சில ஆண்டுகள் வெளியிடாமலே வைத்திருந்ததாகக் கென்னத் சொன்னார். 1947இல்தான் அந்தக் கட்டுரை அச்சானது. அதற்கு ஓராண்டு முன்பே மேமி தன் மையத்தைத் திறந்துவிட்டார். அழுத குழந்தைகளைப் பார்த்தவர் ஆய்வோடு நின்றுவிட முடியாமல் சிகிச்சைக்கு வந்தார் என்று வாசிக்கவே நான் விரும்புகிறேன்.

இதற்கிடையில் கொலம்பியா பல்கலைக்கழகம். 1943இல் மேமி அங்கே உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முன் அங்கு அந்தப் பட்டம் பெற்ற ஒரே கறுப்பினத்தவர் அவருடைய கணவர். மேமிக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஹென்றி காரெட். கறுப்பினத்தவர் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று நம்பிய பேராசிரியர் அவர். வேண்டுமென்றே அவரிடம் படித்தாரா என்று வகுப்பில் மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. நான் விடை சொல்வதற்குப் பதில் அடுத்து நடந்ததைச் சொல்வேன். 1952இல் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டிப் பள்ளி வழக்கில், பிரித்துவைத்த பள்ளிகளுக்கு ஆதரவாகக் காரெட் சாட்சி சொல்ல வந்தார். அவருடைய சாட்சியத்தை மறுக்க எதிர்த்தரப்பு அழைத்தது அவருடைய மாணவியை. அந்த வழக்கும் வேறு நான்கு வழக்குகளும் சேர்ந்தே பிரவுன் வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1954 மே 17 அன்று, பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் பெயர் இருக்கிறது. மேமியின் பெயர் இல்லை.

பட்டம் வந்தும் வேலை வரவில்லை. முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணை அன்றைய நியூயார்க் ஒரு வேண்டாத விசித்திரமாகவே பார்த்தது என்று அவர் பின்னாளில் எழுதினார். செவிலியர் பற்றிய புள்ளிவிவரங்களைப் பகுக்கும் வேலை ஒன்றில் ஓராண்டு மூச்சுமுட்டினார். பிறகு வீடற்ற கறுப்பினச் சிறுமிகளுக்கான விடுதி ஒன்றில் உளவியல் சோதனைகள் செய்யும் வேலை கிடைத்தது. அங்கேதான் நிலைமை முழுதாகத் தெரிந்தது. கைவிடப்பட்ட, வீட்டில் அடிபட்ட, தெருவில் வளர்ந்த அந்தச் சிறுமிகளை அனுப்பிவைக்க நகரத்தில் ஓரிடமும் இல்லை. ஹார்லெமில் லட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்தார்கள், ஆனால் அவர்களுடைய குழந்தைகளுக்கு மனநல உதவி என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவுமே கிடையாது. ஏற்கெனவே இயங்கிய சமூக நல அமைப்புகளிடம் போய், உங்கள் சேவையை இங்கேயும் விரியுங்கள் என்று கணவனும் மனைவியும் கேட்டுப் பார்த்தார்கள். யாரும் முன்வரவில்லை.

1946 பிப்ரவரியில் தாங்களே தொடங்கினார்கள். முதலீடு: மேமியின் தந்தை கடனாகக் கொடுத்த 946 டாலர். இடம்: ஹார்லெமில் டன்பார் குடியிருப்பின் அடித்தளத்து அறை. பெயர்: நார்த்சைடு சோதனை மற்றும் ஆலோசனை மையம். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வந்தவர்கள். அதே ஆண்டு மார்ச்சில், அதே ஹார்லெமில், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் லஃபார்க் மருத்துவமனை திறந்தது. அங்கே மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 25 சென்ட் கட்டணத்தில் பெரியவர்களையும் குழந்தைகளையும் பார்த்தார். இரண்டு முயற்சிகளுக்கும் நிலத்தடி அறைதான் கிடைத்தது என்பதே அந்தக் காலத்தைப் பற்றிப் போதுமான செய்தி. லஃபார்க் 1958இல் மூடப்பட்டது. நார்த்சைடு இன்றும் இயங்குகிறது.

அந்த மையத்தின் முதல் பெயரில் 'சோதனை' என்ற சொல் ஏன் வந்தது? மக்கள் வந்தது அதற்காகத்தான். "பிள்ளைக்கு மனநலச் சிகிச்சை வேண்டும்" என்று கேட்டு வந்தவர்கள் குறைவு. "பைத்தியம்" என்ற பட்டம் ஒட்டிவிடும் என்ற பயம் அங்கேயும் இருந்தது. அதைவிட ஆழமான காரணமும் இருந்தது. மனநல மருத்துவம் கறுப்பின மக்களுக்கு எதிராகப் பயன்பட்ட வரலாறு நீண்டது. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற தென் மாநில மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதை ஒரு மனநோய் என்று எழுதி அதற்குக் கிரேக்கத்தில் பெயரும் வைத்தார். அப்படிப்பட்ட துறையிடம் குழந்தையை ஒப்படைக்க ஒரு தாய் தயங்கினால் அதை அறியாமை என்று சொல்லக் கூடாது.

ஆனால் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வரும்: உங்கள் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி போதாது, தனி வகுப்பில் போடுகிறோம். அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் நார்த்சைடுக்கு வந்தார்கள். மேமியும் அவருடைய ஆட்களும் குழந்தையை நிதானமாக, அதற்கு அச்சமில்லாத இடத்தில் உட்காரவைத்து, அதன் நுண்ணறிவை மறுபடி சோதித்தார்கள். பெரும்பாலான குழந்தைகளின் மதிப்பெண், தனி வகுப்புக்குச் சட்டம் வகுத்த எல்லைக்கு மேலேயே இருந்தது. பள்ளி செய்தது தவறு மட்டுமில்லை, சட்டவிரோதமும்கூட. மையம் இதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொன்னது, கல்வித் துறையிடமும் கொண்டுபோனது.

இதை நான் சிகிச்சை என்றே சொல்வேன். தனி வகுப்பில் தள்ளப்பட்ட சிறுவன் கோபப்படுகிறான், அடிக்கிறான், பேச மறுக்கிறான் என்று வையுங்கள். அவனை வாரம் ஒரு மணிநேரம் நாற்காலியில் உட்காரவைத்து அவன் கோபத்தைப் பற்றிப் பேசலாம். அந்த ஒரு மணிநேரம் முடிந்ததும் அவன் திரும்புவது எந்த வகுப்புக்கு? "நீ மந்தமானவன்" என்று வாரம் முழுவதும் சொல்லும் வகுப்புக்குத்தானே. அந்தப் பட்டத்தைக் கிழித்தெறிவதே முதல் மருந்து. அதோடு வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் மையத்திலேயே நடந்தன. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமல் கூனிக்குறுகிய குழந்தைக்கு வாசிக்கக் கற்பிப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்பதில் மேமி விட்டுக்கொடுக்கவில்லை.

விட்டுக்கொடுக்கும்படி கேட்டவர்கள் உண்டு. அந்தக் காலத்து நியூயார்க்கில் மனப்பகுப்பாய்வுக்குத்தான் மதிப்பு. மையத்துக்குப் பணமும் ஆதரவும் தந்தவர்களில் சிலர், குழந்தையின் ஆழ்மனத்தையும் தாயோடு அதற்குள்ள உறவையும் நோக்கிய சிகிச்சையே தரமானது என்று கருதினார்கள். மேமியும் கென்னத்தும் அதை முழுதாக ஒதுக்கவில்லை. மனநல மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் மையத்தில் இருந்தார்கள். குழந்தைகளின் இயல்புகள் பற்றிய ஆய்வால் பின்னர் பெயர் பெற்ற ஸ்டெல்லா செஸ் அங்கே பணியாற்றியவர். ஆனால் எலி ஓடும் வீடு, வேலை கிடைக்காத தகப்பன், அவமானப்படுத்தும் பள்ளி இவற்றையெல்லாம் 'வெளிச்சூழல்' என்று ஒதுக்கிவிட்டு உள்மனத்தை மட்டும் பார்ப்பது, காயத்தை ஏற்படுத்தும் கையைப் பார்க்காமல் காயத்துக்குக் கட்டுப்போடுவது என்பது அவர்கள் நிலைப்பாடு. இது பல ஆண்டுகள் நீடித்த பூசல். நன்கொடையாளர்களை இழக்கும் அபாயத்தோடு ஒரு பெண் நிர்வாகி தன் நோயாளிகளின் பக்கம் நின்றார் என்பதை வருங்கால உளவியலாளரான நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

1948இல் மையம் பெரிதாகி 110ஆம் தெருவுக்கு மாறியது, 'நார்த்சைடு குழந்தை வளர்ச்சி மையம்' என்று பெயரும் மாறியது. கறுப்பினக் குழந்தைகளுக்கு மட்டும் என்று அதை வைத்துக்கொள்ளவில்லை. வெள்ளையரும் போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களும் வந்தார்கள். பணியாளர்களும் கலந்தே இருந்தார்கள். பிரிவினையை எதிர்ப்பவர்கள் நடத்தும் இடம் தானே பிரிந்து நிற்கக் கூடாது என்ற உறுதி.

ஒரு விமர்சனத்தையும் சொல்லியாக வேண்டும். பொம்மைச் சோதனை கறுப்பினக் குழந்தைகளைச் 'சேதமடைந்தவர்கள்' என்று காட்டிவிட்டது என்று 1960களுக்குப் பிறகு வந்த கறுப்பின உளவியலாளர்கள் பலர் சொன்னார்கள். வில்லியம் கிராஸ் போன்றவர்கள் பழைய தரவுகளை மறுபடி ஆராய்ந்து, வெள்ளைப் பொம்மையைத் தேர்வது தன்வெறுப்பு ஆகிவிடாது, ஒரு குழந்தை தன் இனத்தைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதை அறிந்திருந்தும் தன்னைப் பற்றி நன்றாகவே நினைக்கலாம் என்றார்கள். வலுவான வாதம். அதை நான் ஏற்கிறேன். மக்களிடம் காயத்தை மட்டும் தேடும் மருத்துவர், அந்த மக்களைத் தாங்கிநின்ற பாட்டிகளையும் தேவாலயத்தையும் அக்கம்பக்கத்தையும் பார்க்கத் தவறிவிடுவார். ஆனால் நார்த்சைடின் அன்றாட வேலைக்கு இந்த விமர்சனம் பொருந்தாது. ஒரு குழந்தையைச் சோதித்து "இதற்கு ஒரு குறையும் இல்லை, குறை உங்கள் பள்ளியில்" என்று எழுதிக்கொடுப்பது சேதத்தைத் தேடும் வேலை ஆகாது.

மேமிக்குப் பின் இந்த வழியில் வந்தவர்களில் சிலரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிகாகோவின் தென்பகுதியில் மனநல மருத்துவர் கார்ல் பெல்லும் உளவியலாளர் எஸ்தர் ஜென்கின்ஸும், துப்பாக்கிச் சூட்டையும் கத்திக்குத்தையும் நேரில் கண்ட பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று 1980களில் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை 'அடங்காத பிள்ளைகள்' என்று மட்டுமே எழுதப்பட்டவர்கள் அவர்கள். முதல் முடிவுகள் 1998இல் வெளியான, குழந்தைப் பருவத் துன்பங்கள் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு சான் டியேகோவில் 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், கல்லூரி கண்டவர்கள். கேள்விகளும் வீட்டுக்குள் நடப்பதைப் பற்றியே இருந்தன. ஃபிலடெல்ஃபியாவில் பிறகு நடந்த கணக்கெடுப்பு, இனப் பாகுபாடு, தெரு வன்முறையைக் காண்பது, பாதுகாப்பற்ற குடியிருப்பு ஆகியவற்றையும் துன்பப் பட்டியலில் சேர்த்தது. நார்த்சைடு தன் முதல் நாளிலிருந்தே அந்தக் கேள்விகளோடு வேலை செய்தது. 2016இல் லொரென்சோ லூயிஸ் என்பவர், மேமி பிறந்த அதே அர்கன்சாஸில், முடிதிருத்துவோருக்கு மனநல முதலுதவி கற்பிக்கும் அமைப்பைத் தொடங்கினார். மனம்விட்டுப் பேச ஆண்கள் எங்கே போகிறார்களோ அங்கேயே உதவியும் இருக்கட்டும் என்ற எண்ணம்.

அமெரிக்க உளவியல் சங்கம், இனவெறியை வளர்த்ததில் தன் துறைக்கு இருந்த பங்குக்காக 2021 அக்டோபரில் மன்னிப்புக் கேட்டது. காரெட் அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். மேமி 1983இல் புற்றுநோயால் இறந்துவிட்டார், அந்த மன்னிப்பு அவர் காதில் விழவில்லை.

ஆனால் வேறொன்றைக் கண்டிருப்பார். 1971இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சில கறுப்பினப் பெற்றோர், தங்கள் பிள்ளைகளை நுண்ணறிவுச் சோதனையின் பேரில் மூளை வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 1968இல் உருவான கறுப்பின உளவியலாளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையைச் சேர்ந்தவர்கள் அந்தப் பிள்ளைகளை, பதற்றமில்லாத சூழலில், மறுபடி சோதித்தார்கள். எல்லோரும் எல்லைக்கு மேலே மதிப்பெண் பெற்றார்கள். நீதிபதி ராபர்ட் பெக்காம் 1979 அக்டோபரில் தீர்ப்பளித்தார்: கலிஃபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகளை அத்தகைய வகுப்புகளுக்கு அனுப்ப இந்தச் சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது. டன்பார் குடியிருப்பின் அடித்தள அறையில் மேமி கிளார்க் அதே வேலையைத் தொடங்கி அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. நார்த்சைடின் இயக்குநர் பொறுப்பிலிருந்து அவர் ஓய்வு பெற்றதும் அதே ஆண்டில்தான்.